மயிலுக்குப் பின்னால் ஒரு கேடயம்

நஞ்சுண்டன் அங்கிள் வாரக் கடைசிகளில் ஐந்நூறு அறுநூறு தமிழர்களுக்கு நடுவில் நிற்பார். இடுப்பில் வாக்கி டாக்கி, கறுப்புக் கோட்டு, நெற்றியில் மெல்லிய விபூதி. ஏசி குளிரவில்லை என்பதையும், பாத்ரூமில் டிஷ்யூ தீர்ந்துவிட்டது என்பதையும் அவரிடம்தான் வந்து சொல்வார்கள். "நீங்க சாப்ட்டீங்களா?" என்று அவரிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பந்தி முடிந்து, கேட்டரிங்காரர்கள் அண்டாக்களைக் கவிழ்ப்பதற்கு முன்னால், சமையலறையில் நின்றபடியே ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொள்வார்.

அவர் மேனேஜராக இருந்த கல்யாண மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. டாலஸ் தமிழர்கள் அதைச் சொல்வதில்லை. "ரிசப்ஷன் எங்க?" என்றால் "கோட்டையிலதான்" என்பார்கள். டென்டனைத் தாண்டி ஃப்ரீவேயை விட்டு இறங்கி, குதிரைப் பண்ணைகளுக்கு நடுவே போனால் திடீரென்று வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் இரண்டு கோபுரங்கள் எழும். நடுவில் ஒரு வளைவு. வளைவுக்குள் யானை நுழையும் அளவுக்கு ஓர் இரட்டை மரக்கதவு. இடது கோபுரத்துக்குள் இருந்த சின்ன அறையில்தான் நஞ்சுண்டன் குடியிருந்தார்.

நான் அங்கே போனது பிழைப்புக்காக. நாடு நாடாகச் சுற்றிவிட்டுக் காப்பெலில் அப்பா அம்மா வீட்டு மாடியறைக்குத் திரும்பியிருந்தேன். எதிலும் மனம் நிற்கவில்லை. கல்யாண மேடை அலங்காரம் செய்யும் ஞானமணி ஆன்ட்டி, அம்மாவுக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துக்காரர், "வீட்டில சும்மா குந்தியிருந்து சுவரைப் பார்க்காம என்னோட வா பிள்ளை, பூ கட்டவாவது பழகு" என்று கூட்டிப்போனார்.

முதல் நாள் நாங்கள் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, நஞ்சுண்டன் ஒரு பெண் வீட்டாருக்கு இடத்தைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார். கதவில் ஏழு கேடயங்கள் செதுக்கியிருந்தன. உச்சியில் ஒன்று, இரு கதவுகளிலும் மும்மூன்று. வாள்கள், சிங்கம், கோபுரம், இறகு வைத்த தலைக்கவசம், மூன்று வண்ணப் பட்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் எழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.

"இது ஏழு ராஜ வம்சத்தோட சின்னம்ங்க," என்று நஞ்சுண்டன் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தச் சிங்கம் போட்டவரு சிங்கத்தோடயே வெறுங்கையில சண்டை போட்டவரு. இந்தக் கோபுரக்காரரு ஆறு மாசம் கோட்டைய முற்றுகை போட்டும் அசரல."

பெண்ணின் தம்பி குனிந்து பார்த்தான். "இது பியர் மக் மாதிரி இருக்கே அங்கிள்?"

"கலசம்ங்க தம்பி. தீர்த்தக் கலசம்."

"க்ரிஷ், சும்மா இரு," என்றார் அவன் அம்மா. "அந்த சக்கரம் மாதிரி இருக்கறது என்னங்க? யந்திரமா?"

"அப்படித்தானுங்க வெச்சுக்கோங்க. நல்ல அதிர்ஷ்டம்."

அவர்கள் கதவுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். அட்வான்ஸ் கட்டிவிடுவார்கள் என்று அவர்கள் நடையிலேயே தெரிந்தது.

ஜெர்மனியில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், மலைமேல் இருந்த கோட்டை வாசலில் இதேபோன்ற கேடயங்களை நான் பார்த்திருந்தேன். மழைக்கு ஒதுங்கி நின்ற இடம் அது. பக்கத்தில் நின்ற ஒருவர், இவை மாணவர் சங்கங்களின் சின்னங்கள் என்று சொல்லியிருந்தார். அதை நஞ்சுண்டனிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தெரியும்ங்க அம்மிணி. பீர் குடிக்கற காலேஜ் பசங்களோட போர்டுன்னு சொன்னா யாரு ஹால் புக் பண்ணுவாங்க?" பிறகு குரல் மாறியது. "நீங்க நெசமாவே அந்தக் கேட்டப் பாத்தீங்களா? மலைமேலயா? கீழ ஆறு போகுதா?"

"போச்சு அங்கிள்."

"அதுல இதுமாதிரி ஒண்ணு இருந்துச்சுங்களா?" இடது கதவில் எல்லாவற்றுக்கும் கீழே, நெஞ்சுயரத்தில் இருந்த மூன்றாவது கேடயத்தைத் தொட்டுக் காட்டினார். பச்சை, வெள்ளை, கறுப்புப் பட்டை. குறுக்கே இரண்டு வாள்கள். ஓரத்தில் ஓக் இலை. அந்தத் தீர்த்தக் கலசம் இதில்தான் இருந்தது.

நான் பார்த்தது அதே கோட்டைதானா என்று எனக்குத் தெரியாது. அங்கே கேடயங்கள் நிறைய இருந்தன. இருந்திருக்கலாம் என்றேன். அன்று மாலை மேடையைக் கழற்றி முடித்ததும் அவர் அறையிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் டீ வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் வந்தது. அவர் வாழ்க்கை எனக்குத் தெரியவந்ததெல்லாம் அந்த டீ வேளைகளில்தான்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். இரண்டாயிரத்தை ஒட்டிய ஒய்டூகே காலத்தில் விசா கிடைத்து ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனிக்கு வந்தார். சில வருடங்களில் கம்பெனி கரைந்துபோனது. இன்னொரு வேலை, அதுவும் போய் இன்னொன்று. இதற்கிடையில் க்ரீன் கார்டு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. மகள் கயலை ஊரில் நல்ல பள்ளியில் சேர்க்கலாம் என்று மனைவி கோயமுத்தூருக்குப் போனார். இரண்டு வருடம் என்பது பேச்சு. அவர்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. யாரும் உட்கார்ந்து தீர்மானிக்காமலே அந்த இரண்டு வருடம் நீண்டுகொண்டே போனது. முதலில் தினமும் போன், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பிறகு தீபாவளிக்கு. கயல் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். காலையில் அவளிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு பூப்படம் வரும். இவரும் ஒரு பூப்படம் அனுப்புவார். அன்றைய பேச்சு அத்துடன் முடியும்.

கேஸ் ஸ்டேஷனிலும் மளிகைக் கடையிலும் நின்றுவிட்டு, ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்துக் கோட்டைக்கு வந்தபோது, அது ஓட்டோ என்ற ஜெர்மானியரின் சொத்தாக இருந்தது. எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துபோயிருந்தார். இடது கன்னத்தில் காதுவரை ஒரு தழும்பு.

"ஆக்சிடென்டுங்களா சார்னு கேட்டேன். இல்ல, ஆசப்பட்டு வாங்குனதுன்னாரு. கெழவனுக்குப் பைத்தியம் போலன்னு நெனச்சேனுங்க," என்று நஞ்சுண்டன் சிரித்தார்.

அந்தத் தழும்பு வாள்சண்டையில் விழுந்தது. ஓட்டோ படித்த ஊரில் மாணவர்களுக்குச் சங்கங்கள் இருந்தன. சேர்ந்தால் சாகும்வரை உறுப்பினர். வண்ணப் பட்டையைக் குறுக்கே அணிந்துகொண்டு குடித்தார்கள், பாடினார்கள், கன்னத்தை வெட்டிக்கொண்டார்கள். ஊருக்கு மேலே இருந்த கோட்டைக் கதவில் ஒவ்வொரு சங்கமும் தன் கேடயத்தைச் செதுக்கி வைத்தது. ஓட்டோ கையில் காசு வந்ததும், புகைப்படத்தைக் கொடுத்து அதே கதவை இங்கே மெஸ்கீட் மரத்தில் செய்யச் சொன்னார். கதவு வந்த பிறகுதான் கோபுரம் கட்டினாராம்.

சாயங்காலங்களில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவர் உருளைக்கிழங்கு வேகவைப்பார், இவர் அதையே எடுத்துக் கடுகு தாளிப்பார். "கால் மீ ஓட்டோ" என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். தன்னைவிட அத்தனை மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நஞ்சுண்டனுக்கு வாய் வரவில்லை. கடைசிவரை "ஓட்டோ சார்"தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை சங்கத்தார் கோட்டை வாசலில் கூடுவார்கள். தங்கள் தங்கள் கேடயத்துக்குக் கீழே நின்று, இறந்துபோனவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் ஒரு குவளையைக் குடித்து முடிக்கவேண்டும். ஒரு பெயரும் விட்டுப்போகாது. ஆனால் ஓட்டோவின் சங்கத்தில் புதிதாக ஆள் சேரவில்லை. சங்க வீட்டை விற்று மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த நண்பர்களில் ஒருவர் முதியோர் இல்லத்தில் கிடந்தார், இன்னொருவருக்கு நினைவு தப்பிவிட்டது. தன் பெயரை அங்கே வாசிக்க ஆள் இல்லை என்பது ஓட்டோவுக்குத் தெரிந்துபோனது.

"அதுக்கப்பறம் ஒருநாள் என்னைக் கதவுகிட்டக் கூட்டிட்டுப் போனாருங்க. நஞ்சு, நான் போனதுக்கு அப்பறம் வருசத்துக்கு ஒருக்கா இந்தக் கேடயத்துக்கு முன்னால நின்னு எம்பேரச் சொல்லி ஒரு கிளாஸ் பீர் குடிப்பியான்னு கேட்டாரு. நான் குடிக்கறதில்லீங்களே சார்னேன். அப்ப உனக்குத் தெரிஞ்ச மாதிரி செய், ஆனா செய்னாரு. கையில அடிச்சுக் குடுத்துட்டேனுங்க."

ஓட்டோ ஒரு மே மாதத்தில் இறந்தார். ஆரிகானிலிருந்து வந்த மகனுக்கு அப்பாவின் வாள்களும் தொப்பிகளும் பெரிய சங்கடமாக இருந்தன. எல்லாவற்றையும் பெட்டி கட்டி அகற்றினார். புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டார். கோட்டையை மூன்று தமிழர்கள் பங்கு போட்டு வாங்கினார்கள். கதவில் செதுக்கியதை மட்டும் யாராலும் பெட்டியில் போட முடியவில்லை.

முதல் வருடத் திதி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கோட்டையில் ஆள் இல்லை. ஓட்டோவின் படம் கையில் இல்லாததால், நஞ்சுண்டன் கேடயத்துக்கே மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, விளக்கேற்றினார். இலையில் வடை, பாயசம். இறந்தவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும் அல்லவா, ஒரு கண்ணாடி டம்ளரில் பீரும் வைத்தார். காக்கைக்கு வடை போட்டார். டெக்சஸில் அந்த வேலையை வால் நீண்ட கறுப்புக் கிராக்கிள் குருவிகள் பார்த்துக்கொள்கின்றன. பீரை ஓக் மரத்தடியில் ஊற்றினார். "மனசு நெறஞ்சு போச்சுங்க," என்றார் என்னிடம்.

அடுத்த வருடம், நான் அங்கே வேலை செய்துகொண்டிருந்தபோது, திதி மே கடைசியில் வரும் மெமோரியல் டே லாங் வீக்கெண்டின் சனிக்கிழமையில் விழுந்தது. காலையில் கல்யாணம்.

நாங்கள் மேடையில் இருந்தோம். நஞ்சுண்டன் வந்து, "அம்மிணி, மாலை ஏதாவது மிச்சமிருக்குதுங்களா? ஓட்டோ சாருக்கு. ஆளுக வர்றதுக்குள்ள எடுத்துருவேன்," என்றார். சாமந்தி மாலை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் நேரம் இருந்தது. தமிழ்க் கல்யாணத்தில் சொன்ன நேரத்துக்கு மாப்பிள்ளை வந்ததாக டாலஸில் சரித்திரம் இல்லை.

அன்று வந்தார்கள். எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியது: ஆலங்கட்டி மழை எச்சரிக்கை. கார் கண்ணாடி உடையாமலிருக்க, மாப்பிள்ளை வீட்டார் பட்டுப்புடவையும் நாதஸ்வர ஸ்பீக்கருமாக, முகூர்த்தத்துக்கு வெகு முன்னதாகவே கோட்டையின் கூரை போட்ட பார்க்கிங்குக்குள் வண்டிகளை விட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஐஸ் மெஷின் நின்றுவிட்டது என்று சமையலறையிலிருந்து வாக்கி டாக்கியில் கூப்பிட, நஞ்சுண்டன் விளக்கை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடியிருந்தார்.

நான் வாசலுக்கு வந்தபோது கேடயத்துக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் தோரணங்களும் அந்த மாலையும் ஒரே சாமந்தி. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே ஏற்பாடாகத்தான் தெரியும். முதலில் வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் கேடயத்திலிருந்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டார். யாரோ இலையருகே டாலர் நோட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நஞ்சுண்டன் திரும்பி வந்து வளைவின் கீழே நின்றுவிட்டார்.

மாப்பிள்ளையின் அத்தை ராமாத்தாள், ஊரிலிருந்து கல்யாணத்துக்காக வந்திருந்தவர், அவரைப் பார்த்தார். "ஏனுங் தம்பி, நீங்கதான் இங்க பாத்துக்கறவிகளா? பூசையெல்லாம் நல்லாப் பண்ணியிருக்கறீங்க. எந்தூருங்க நீங்க?"

"கோபிப் பக்கம்ங்க. காசிபாளையம்."

"அட! நம்ம பக்கத்தூருங்களா!" அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நம்பியூருங்க. இத்தன தூரம் வந்து நம்ம ஊர்ப் பேச்சக் கேக்கறனே! சாப்ட்டீங்களா தம்பி?"

நஞ்சுண்டனின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"இது என்ன சாமிங்க?" என்று கேட்டார் ராமாத்தாள், கையை விடாமலே.

இந்தக் கதவுக்கு ஏழு ராஜாக்களைப் படைத்தவர் அவர். எட்டாவதாக ஒரு சாமியைப் படைக்க அவருக்கு அரை நொடி போதும். ஆனால் அவர் சொன்னார்: "சாமி இல்லீங்க அக்கா. எனக்கு இங்க ஒரு சிநேகிதர் இருந்தாருங்க. இன்னைக்கு அவரு திதி."

ராமாத்தாளின் கை மெல்ல விலகியது. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் குங்குமம்.

"திதியா?" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "எளவு வீட்டுக் குங்குமத்தயா கல்யாணத்துக்கு வந்த பொம்பளைங்க நெத்தியில ஏற விட்டிருக்காரு?"

"நான் தாலில வச்சுட்டேன் அத்தை," என்று ஒரு இளம்பெண் அழ ஆரம்பித்தாள்.

ஒரு பெரியவர் குனிந்து டம்ளரை முகர்ந்தார். "இது பானகமில்ல. பீரு!"

பிறகு யார் பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஞானமணி ஆன்ட்டி ஓடிவந்து மாலையைக் கழற்றினார். யாரோ மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். எதுவும் போதவில்லை. அந்த வாசல் வழியாக மாப்பிள்ளை நுழையக்கூடாது என்று முடிவானது. வேறு வாசல், சரக்கு இறக்கும் வாசல் மட்டும்தான். பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை, பால் கேன்களையும் நின்றுபோன ஐஸ் மெஷினையும் கடந்து, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் ஆரத்தி எடுக்கப்பட்டு மண்டபத்துக்குள் போனார். அப்போதுதான் கூரைமேல் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. மந்திரம் யார் காதிலும் விழவில்லை. கல்யாணம் மட்டும் முகூர்த்தத்துக்குள் நடந்துவிட்டது.

பெண்ணின் அப்பா கருப்பசாமி, விருதுநகர்ப் பக்கத்துக்காரர், வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதவைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "எங்க ஊர்ல எம்பேரு சாமிக்குச் சாராயமும் சுருட்டும்தாம்மா படையலு. என்ன செய்ய, சம்பந்திகிட்ட இதச் சொல்ல முடியுமா?" சொல்லாமலே உள்ளே போய்விட்டார்.

ஞானமணி ஆன்ட்டிதான் நஞ்சுண்டனிடம் பேசினார். "ஏன் உப்பிடிச் சொன்னனீங்கள்? கிழமைக்குக் கிழமை வாறவைக்கெல்லாம் ராசா எண்டும் மந்திரி எண்டும் அளக்கிறியள். உண்மை சொல்லுறதுக்கு உங்களுக்கு இண்டைக்குத்தானோ நாள் கிடைச்சது?"

நஞ்சுண்டன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அந்த அம்மா கேட்டாங்கங்க," என்றார்.

கல்யாணம் முடிந்து எல்லோரும் வண்டியேறியபோது, அவர் வழக்கம்போல வளைவுக்கு அருகே நின்றார். பலர் பார்க்காததுபோல் போனார்கள். ராமாத்தாள் மட்டும் ஒரு நிமிடம் நின்றார். நெற்றியைக் கழுவிவிட்டு வேறு பொட்டு வைத்திருந்தார்.

"அந்த மனுசனுக்குப் புள்ளைக இல்லீங்களா?"

"ஒரு மகன் இருக்கறாருங்க. ஆரிகான்ல."

"அப்ப அவன்தான செய்யோணும்?"

"அவருக்கு இந்தப் பழக்கம் தெரியாதுங்க."

ராமாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காருக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

பங்குதாரர்களில் வெங்கடாசலம்தான் கோட்டையைக் கவனித்துக்கொள்பவர். ரியல் எஸ்டேட் ஏஜென்ட். ஞாயிறு காலை, தரையில் இலைகளும் பனிக்கட்டி அடித்த பூக்களும் கிடந்தபோதே வந்துவிட்டார். நானும் ஆன்ட்டியும் கம்பங்களைக் கழற்றிக்கொண்டிருந்தோம்.

"நஞ்சுண்டன், நான் கத்த வரல. கூகுள்ல ரிவ்யூ பாத்தீங்களா? 'டெத் செரிமனி அட் வெட்டிங் கேட்'னு ஒரு ஸ்டார். நெக்ஸ்ட் சீசன்ல ரெண்டு பார்ட்டி கேன்சல் பண்ணலாமான்னு ஆல்ரெடி போன் பண்ணிட்டாங்க. ஒரு வார்த்தை லட்சுமின்னு சொல்லிருந்தா முடிஞ்சிருக்குமே!"

"தப்புதானுங்க."

"உங்கள போகச் சொல்லணும்னு மத்த ரெண்டு பேரும் சொல்றாங்க. எனக்கு மனசு இல்ல. நீங்க எங்க போவீங்க? அதனால ரெண்டு கண்டிஷன். அந்த ஃபேமிலிக்கு போன் பண்ணி சாரி சொல்லுங்க. அப்பறம் இந்தக் கேட். கத்தி, ஹெல்மெட், பீர் மக், இதெல்லாம் நமக்கு எதுக்கு? ஃபைபர்ல ரெண்டு மயில் ஆர்டர் பண்ணிருக்கேன். மேல ஃபிக்ஸ் பண்ணிடலாம். இனிமே இங்க யாருக்கும் திதி கிதி கிடையாது. ஓகேவா?"

நஞ்சுண்டன் கேடயத்தைத் திரும்பிப் பார்த்தார். சந்தனம் காய்ந்து வாள்களின் இடுக்கில் ஒட்டியிருந்தது.

"மரத்துல ஆணி அடிப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஸ்க்ரூ போடுவாங்க. ஏன்?"

"மூணாவது கேடயத்துமேல மட்டும் படாமப் போடச் சொல்லுங்க. அது போதும்ங்க."

மன்னிப்புக் கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நின்றபடியே பேசினார். மறுபுறம் மாப்பிள்ளையின் அப்பா நிறையப் பேசினார். இவர் "சரீங்க, சரீங்க" என்று தலையாட்டினார், அவர் பார்ப்பதுபோல.

மயில்கள் ஜூனில் வந்தன. எதிரெதிராகப் பார்த்தபடி, தோகை கதவின் மேல்வரை விரிந்து, நீலமும் பொன்னுமாக. உண்மையிலேயே அழகாக இருந்தன. நஞ்சுண்டன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, திருகாணிகளை எங்கே போடவேண்டும் என்று வேலைக்காரர்களுக்குக் காட்டினார். முடிந்ததும் பின்வாங்கி நின்று பார்த்தார். இடது மயிலின் மார்பு அந்தக் கேடயத்துக்கு நேர்மேலே வருகிறது என்பதைக் கையால் தடவி நிச்சயம் செய்துகொண்டார்.

அதன் பிறகு சுற்றிக்காட்டும்போது அவர் ராஜாக்களைப் பற்றிப் பேசவில்லை. "இது என்ட்ரன்ஸுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். புக்கிங் குறையவில்லை. மயிலுக்கு முன்னால் செல்ஃபி இன்னும் நன்றாக வந்தது.

இலையுதிர் காலத்தில் எனக்கு ஆஸ்டினில் ஒரு வேலை கிடைத்தது. கிளம்புகிற வாரம் டீ குடிக்கப் போனேன். ஜெர்மனியில் நான் எடுத்திருந்த ஒரே ஒரு படத்தை, மழையில் பாதி மங்கலாக விழுந்த அந்தக் கோட்டை வாசலை, பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே வைத்துத் தேடினார். பச்சை வெள்ளை கறுப்பு அதில் இல்லை, அல்லது மழையில் தெரியவில்லை.

"வேற கோட்டையா இருக்கும்ங்க," என்றார். படத்தைத் திருப்பித் தந்தார். "நீங்களே வெச்சுக்கோங்க அம்மிணி. நீங்க நனைஞ்ச எடம்."

இந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஆள் போதவில்லை என்று ஞானமணி ஆன்ட்டி கூப்பிட்டதால் மறுபடி போனேன். வளைவுக்குள் நுழைந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. வலது மயில் பளபளவென்று புதிதாக இருந்தது. இடது மயிலின் மார்பில் மட்டும் குங்குமமும் மஞ்சளும் அடைஅடையாக அப்பியிருந்தன. நீலமே தெரியவில்லை.

"இதென்ன அங்கிள்?"

"நான் ஒரே ஒரு பொட்டுதானுங்க வெச்சேன். போன தை மாசம், ஹால் காலியா இருந்தப்ப." அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் வந்த பொம்பளைக அதப் பாத்துட்டுப் பக்கத்துல இன்னொண்ணு வெச்சாங்க. அப்பறம் வர்றவிக எல்லாம் வெக்கறாங்க. இடது மயிலுக்கு வெச்சாத்தான் நல்லதுன்னு பேச்சு வந்துருச்சு. வெங்கடாசலம் சார் சம்சாரமே வெச்சுட்டுப் போனாங்க."

அன்றைய பெண்ணின் அம்மா அந்தப் பக்கமாக வந்தார். "மேனேஜர் சார், இந்த மயிலுக்கு மட்டும் ஏன் குங்குமம்?"

"தெரியலீங்க. எல்லாரும் வெக்கறாங்க."

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து ஒரு பொட்டு வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

அன்று திதி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மத்தியானம் எல்லோரும் பந்தியில் இருந்தபோது வாசலில் ஆள் இல்லை. நஞ்சுண்டன் தன் அறையிலிருந்து ஒரு காப்பி டம்ளரில் பீர் கொண்டுவந்தார். மாலை இல்லை, இலை இல்லை. மயிலுக்கு முன்னால் நின்றார். நான் தோரணக் கயிறு ஒன்றை அவிழ்ப்பதுபோலத் தள்ளி நின்றுகொண்டேன்.

"ஓட்டோ," என்றார். சார் போடவில்லை. "இந்த வருசம் உன்னப் பாக்க நெறையப் பேரு வந்துட்டுப் போனாங்க. யாருக்கும் உம்பேரு தெரியாது."

டம்ளரை வாயில் வைத்து ஒரே மூச்சில் குடித்தார். முகம் கோணியது. மீசையில் ஒட்டிய நுரையைப் புறங்கையால் துடைத்தார்.

"கசக்குதுங்க அம்மிணி," என்றார் என் பக்கம் திரும்பாமலே.

வாக்கி டாக்கி கரகரத்தது. பாத்ரூமில் டிஷ்யூ தீர்ந்துவிட்டதாம். டம்ளரைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.